இரண்டு மணிக்கு மேல் பேசாத இயந்திரங்கள்

ஸ்ஃபாக்ஸ்
ஜூலை 8, திங்கள்

மதிப்பிற்குரிய ஸி லுத்ஃபி பெல்கோஜா அவர்களுக்கு,

ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து ஓடும் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள், இரண்டும் நலமாக இருக்கும்போதே, ஏன் ஒன்றோடு ஒன்று பேச மறுக்கின்றன? எனக்கு விடை தெரியவில்லை. ஒரு வாரமாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

காலையில் நாங்கள் வரும்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. பிற்பகலில் எங்கள் சர்வர் கூடத்து இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஊமையாகின்றன. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் பேசுகின்றன. ஜூன் முழுவதும் இந்தத் தொல்லை இல்லை. ஜூலை பிறந்ததும் வந்தது.

இயந்திரங்களை இணைக்கும் நம் ஸ்விட்ச் வெறும் மென்பொருள். யாரை யாரோடு பேச விடுவது என்று அது தானாக முடிவு செய்யாது, உங்களிடம் இருக்கும் கன்ட்ரோலரைக் கேட்டுத்தான் செய்யும். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஹம்மாமெத் கருத்தரங்கில் நீங்களே படம் போட்டுக் காட்டினீர்கள். துனிஸ் என்ற வட்டத்துக்குள் ‘மூளை’ என்றும், ஸ்ஃபாக்ஸ் என்ற வட்டத்துக்குள் ‘கைகள்’ என்றும் எழுதியிருந்தீர்கள். வரைபடத்தின் பாதி என்னுடையது என்று எழுத இடம் போதவில்லை போலும். கைகள் சார்பில் மூளைக்கு எழுதுகிறேன்.

வரும் 18ஆம் தேதி வியாழக்கிழமை அமைச்சகத்துக் குழு இங்கே வருகிறது. தெற்கில் இருக்கும் கல்லூரிகளின் மாணவர் பதிவெல்லாம் ஓடும் இந்தக் கூடத்தை வைத்துக்கொள்வதா, மூடிவிட்டு எல்லாவற்றையும் தலைநகருக்கு எடுத்துப்போவதா என்று அன்று முடிவாகும். காலையில் துனிஸிலிருந்து கிளம்பி, இங்கே மதியம் மீன் சாப்பிட்டு, மூன்று மணிக்குச் சோதனை. அதாவது இயந்திரங்கள் ஊமையாக இருக்கும் நேரம். மூடினால் என் உதவியாளர் ரவ்தாவும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போவார்கள். எனக்கு உங்கள் ஊருக்கு மாற்றல். நாற்பத்தொன்பது வயதில் நான் உங்கள் ஊரில் வாடகை அறை தேட விரும்பவில்லை.

மின்னஞ்சல் சர்வரும் ஊமையான இயந்திரங்களில் ஒன்று. தொலைபேசியில் பேசினால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். எனவே கடிதம். துனிஸுக்குப் பங்கு டாக்ஸி ஓட்டும் நம் ஹ்மீதாவின் லுவாஜில் கொடுத்தனுப்புகிறேன். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்கிறார், ஆனால் விடிகாலையில் கூட்டம் சேர்ந்துவிடும்.

சலூவா எலூஸ்


துனிஸ்
ஜூலை 9, செவ்வாய்

சலூவா,

எட்டு மாதத்துக்குப் பிறகு உன் கையெழுத்து! இருபது வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் விடைத்தாளை உன் முழங்கையால் மறைத்தவள் நீ. இப்போது ‘மதிப்பிற்குரிய’ என்கிறாய், ‘ஸி’ என்ற மரியாதை வேறு. என்னை ‘மதிப்பிற்குரிய’ என்று கூப்பிடுவது என் பல் மருத்துவர் மட்டும்தான், அதுவும் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால்.

ஹ்மீதா உறையைக் கொடுத்துவிட்டு நகரவே இல்லை. “ஸி லுத்ஃபி, இது காதல் கடுதாசியா, கோர்ட்டு நோட்டீஸா? அந்தம்மா குடுத்தப்ப மூஞ்சியப் பார்த்தேன். நோட்டீஸுதான்னு நெனைக்கிறேன்” என்றான். இரண்டும் இல்லை, ஸ்விட்ச் என்றேன். “வீட்டுல லைட்டு எரியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

படித்த கையோடு சோதித்தேன். உங்கள் இயந்திரங்கள் எல்லாம் எல்லாவற்றோடும் பேசுகின்றன, கல்யாண வீடு மாதிரி. கன்ட்ரோலரின் பதிவையும் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. தினமும் காலையில் ‘தொடங்கினேன், நலம்’ என்று எழுதிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறது. நம் அலுவலகத்தில் அவ்வளவு உற்சாகமாக வேலைக்கு வரும் ஒரே ஆள் அதுதான்.

தவறு உன் பக்கம்தான் இருக்கும். ஸ்ஃபாக்ஸ்காரர்கள் ஒன்றை வாங்கி நான்காக நகல் எடுப்பவர்கள் ஆயிற்றே. ஒரு மெய்நிகர் இயந்திரத்தை நகல் எடுத்தபோது அதன் வலையட்டை முகவரியையும் சேர்த்து நகல் எடுத்திருப்பீர்கள். ஒரே முகவரியில் இரண்டு பேர் குடியிருந்தால் தபால்காரன் என்ன செய்வான்? தேடிப் பார்.

குழு வரும் விஷயம் எனக்குத் தெரியாது. மூடவெல்லாம் மாட்டார்கள். மூடினால் எங்கள் கட்டடத்தில் உனக்கு ஒரு மேசை நானே பிடித்துத் தருகிறேன், ஜன்னல் ஓரமாக.

லுத்ஃபி


ஸ்ஃபாக்ஸ்
ஜூலை 10, புதன்

ஸி லுத்ஃபி அவர்களுக்கு,

ஜன்னல் ஓர மேசை வேண்டாம்.

நீங்கள் சொன்னது ஒரு பாதி சரி. ஒரே முகவரியோடு இரண்டு இயந்திரங்கள் இருந்தன. நீங்கள் அனுப்பிய மாதிரியிலிருந்துதான் ரவ்தா நகல் எடுத்தாள், முகவரி அந்த மாதிரிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே மாற்றிவிட்டோம். எல்லாம் பேசியது. ரவ்தா வராந்தாவில் நின்று குலவையிட்டாள். கீழ்த்தளத்திலிருந்து ஓடி வந்து யாருக்கு நிச்சயதார்த்தம் என்று கேட்டார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் மறுபடியும் ஊமை. “மேடம், நான் போட்ட குலவையத் திருப்பி எடுத்துக்கறேன்” என்றாள் ரவ்தா.

ஒரு விஷயம் விசித்திரமாக இருக்கிறது. காலையில் இரண்டு இயந்திரங்களை ஓயாமல் ஒன்றையொன்று அழைக்கும்படி விட்டிருந்தேன். அவை மாலை வரை பேசிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு இயந்திரங்கள் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தின, பிறகு தொடங்க முடியவில்லை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவை பேசலாம். ஒருமுறை நிறுத்தினால் மறுபடி தொடங்க வழியில்லை. பழைய உத்தரவு பயன்பாட்டில் இருக்கும்வரை ஸ்விட்சின் நினைவில் நிற்கிறது, புதிய உத்தரவு வரவில்லை என்று இதற்குப் பொருள். ஸ்விட்சைக் கேட்டேன். ‘கன்ட்ரோலர் பதில் தரவில்லை’ என்கிறது.

எனவே கேட்கிறேன்: உங்கள் கன்ட்ரோலர் பிற்பகலில் என்ன செய்கிறது? அது எங்கே இருக்கிறது?

சலூவா


துனிஸ்
ஜூலை 11, வியாழன்

சலூவா,

என் கன்ட்ரோலர் பிற்பகலில் குட்டித்தூக்கம் போடுகிறது என்று சொல்ல வருகிறாயா? இன்று காலையும் பார்த்தேன். மலை மாதிரி நிற்கிறது. பதில் உன்னை வந்து சேரவில்லை என்றால் பழுது உன் கம்பியில். உங்கள் ஊரில் எந்தத் தெருவைத் தோண்டுகிறார்களோ, அங்கே போய்க் கேள்.

எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். அதுவே ஒரு மெய்நிகர் இயந்திரம். அதற்கு இடம் என்று ஒன்று கிடையாது, அதுதான் அதன் பெருமை. இதைப் படித்துத்தானே நாம் இரண்டு பேரும் பட்டம் வாங்கினோம்?

ஆனால் உன் கூடம் மாலையில் மொத்தமாக முடங்குவதற்குக் காரணம் யார் தெரியுமா? நீ. கன்ட்ரோலர் பதில் தராவிட்டால் ஸ்விட்ச் தானே யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டு எல்லோரையும் பேச விடட்டும் என்று நான் சொன்னேன். ‘உத்தரவு இல்லாமல் ஒன்றும் நகரக் கூடாது’ என்று பிடிவாதமாகக் கண்டிப்பு முறையில் வைத்தவள் நீ. உனக்கு மனிதர்கள் மீதுதான் நம்பிக்கை இல்லை என்று நினைத்தேன். ஸ்விட்ச் மீதும் இல்லை.

(அடுத்த பக்கம்)

கோபத்தில் எழுதிவிட்டேன். வெயில். மே மாதமே எங்கள் இயந்திர அறையின் குளிர்சாதனம் செத்துவிட்டது, செப்டம்பர் வரை வராதாம். ஓட வேண்டியதையெல்லாம் என் அறைக்கு, என் மேசைக் கணினிக்கே, மாற்றிவிட்டேன். காதில் மல்லிகைச் செண்டைச் செருகிக்கொண்டு, விசிறியின் கீழ் உட்கார்ந்து சமாளிக்கிறேன். நல்லவேளை, ஜூலை முதல் ஒற்றை வேளை அலுவலகம், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடலாம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. மற்றவர்கள் அதைக் குப்பையில் போட்டார்கள். நான் அப்படி இல்லை. கிளம்பும்போது விளக்கு, விசிறி, மேசைக்கு அடியில் இருக்கும் பிளக் பலகை எல்லாவற்றையும் என் கையால் அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். நீங்கள் அங்கே இரண்டு மணிக்கு மேலும் வேலை செய்கிறீர்களாமே? ஹ்மீதா சொன்னான். நான் நம்பவில்லை.

லுத்ஃபி


ஸ்ஃபாக்ஸ்
ஜூலை 13, சனி

ஸி லுத்ஃபி அவர்களுக்கு,

கம்பியில் பழுது இல்லை. நேற்றுப் பிற்பகல், இயந்திரங்கள் ஊமையாக இருந்தபோதே, உங்கள் கட்டடத்தின் வாசல் கருவியை இங்கிருந்து அழைத்தேன். உடனே பதில் தந்தது. ஆகவே சாலை திறந்திருக்கிறது, உங்கள் வீட்டு வாசல் வரை நான் வந்துவிட்டேன், உள்ளே ஆள் இல்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவையும் தோண்டவில்லை. தோண்டினால் அன்றைக்கே மூடிவிடுவோம்.

கண்டிப்பு முறை பற்றி: நான் செய்தது சரிதான். மேலாள் இல்லாத நேரத்தில் எல்லோரும் எல்லோரோடும் பேசட்டும் என்றால், நாளை ஒரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலை இன்னொரு கல்லூரி திறந்து பார்க்கும். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு

மன்னிக்கவும், வாக்கியத்தை முடிக்கவில்லை. உங்கள் முதல் பக்கத்தைப் படித்த கோபத்தில் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டிருந்தேன். பின்னால் இன்னொரு பக்கம் இருப்பதை இப்போதுதான் ரவ்தா எடுத்துக் காட்டினாள். சத்தமாகப் படித்தாள். பாதியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று கேள்விகள்.

எங்கும் இல்லாத உங்கள் கன்ட்ரோலர் எந்தக் கணினிக்குள் ஓடுகிறது?

அந்தக் கணினியின் வயர் எந்தப் பிளக் பலகையில் செருகப்பட்டிருக்கிறது?

அந்தப் பலகையை எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள்?

ஹ்மீதாவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுத்தில் வேண்டும்.

சலூவா


துனிஸ்
ஜூலை 15, திங்கள்

சலூவா,

என் மேசைக் கணினியில்.

மேசைக்கு அடியில் இருக்கும் அதே பலகையில்.

மூன்றாவதற்குப் பதில் எழுத என் பேனா மறுக்கிறது.

ஹ்மீதா வாங்கிப் பார்த்துவிட்டு, “இத்தனூண்டு எழுதிருக்கீங்க? யாராச்சும் போய்ச் சேர்ந்துட்டாங்களா?” என்றான். என் மானம் என்றேன். “அது எப்போ இருந்துச்சு?” என்றான். இவனை எனக்கு அறிமுகப்படுத்தியது நீதான்.

சரி, எழுதிவிடுகிறேன். அணைக்கும்போது நான் என் கணினியை அணைப்பதாகத்தான் நினைத்தேன். கன்ட்ரோலரை அணைப்பதாக ஒருநாளும் தோன்றவில்லை. இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்று என் தலையில் பதிந்துவிட்டது. காலையில் வந்து பலகையைப் போடுவேன், அது எழுந்து ‘தொடங்கினேன், நலம்’ என்று எழுதும். அதைப் படித்துவிட்டு என்ன ஆரோக்கியம் என்று மெச்சிக்கொள்வேன். இரண்டு மணிக்கு மேல் இங்கே ஒருவரும் வேலை செய்யாததால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மணிக்கு மேல் வேலை செய்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

இன்று முதல் பலகையைத் தொட மாட்டேன். வியாழக்கிழமை மாலை வரை நானே அறையில் உட்கார்ந்து காவல் காக்கிறேன். சமோசாவும் காபியும் கட்டிக்கொண்டு வருகிறேன். குழுவிடம் மட்டும் சொல்லாதே.

லுத்ஃபி


ஸ்ஃபாக்ஸ்
ஜூலை 16, செவ்வாய்

ஸி லுத்ஃபி அவர்களுக்கு,

நேற்றுப் பிற்பகல் எந்த இயந்திரமும் ஊமையாகவில்லை. இன்றும் இல்லை. நான் சிரிக்கவில்லை. ரவ்தா என் பங்கையும் சேர்த்துச் சிரித்துவிட்டாள். குழுவிடம் நான் எதையும் சொல்லப்போவதில்லை, அவர்களாகக் கேட்டாலொழிய.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டு மணிக்குப் பிறகு உங்கள் கட்டடத்தில் யார் இருப்பார்கள்? அந்தச் சுற்றறிக்கையை உங்களைத் தவிர வேறு யாராவது படித்திருக்கிறார்களா?

சலூவா


துனிஸ்
ஜூலை 17, புதன்

சலூவா,

காவலாளி ஒருவர் மட்டும்தான் இருப்பார். தங்கமான மனிதர். சுற்றறிக்கை எல்லாம் படிக்கிற ஆள் இல்லை. நீ எதையும் நம்பாமலே ஐம்பதைத் தொடப்போகிறாய். நாளைக்கு ஒருநாள் மட்டும் என்னை நம்பு. கேட்பது நான், சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஹம்மாமெத் படத்தைப் பற்றி: ‘மூளை’ என்று எழுதியபோது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. நீ அறையை விட்டு வெளியே போனபோது தெரிந்தது. பேருந்து நிலையம் வரை ஓடி வந்தேன். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டிருந்தாய்.

லுத்ஃபி


ஸ்ஃபாக்ஸ்
ஜூலை 18, வியாழன் மாலை

லுத்ஃபி,

இன்று நடந்ததில் என் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். உங்கள் பக்கத்தை நீங்கள் தொலைபேசியிலேயே கத்திவிட்டீர்கள்.

குழுவில் மூன்று பேர். ஆக்டோபஸ் சூப், வறுத்த மீன், தர்பூசணி. சாப்பிட்டு வந்த தலைவருக்குக் கண் சொக்கியது. எங்கள் கூடத்தின் குளிர் பட்டதும் தெளிந்தது. “அடடா, இங்கயே சாப்பாட்டப் போட்டிருக்கலாமே” என்றார். சோதனையைத் தொடங்கினோம். பதிவுக்கான இயந்திரம் மதிப்பெண் இயந்திரத்தைப் புதிதாக அழைக்கத் தொடங்கியபோது சட்டென்று திரையில் எல்லாம் நின்றது. ஒரு நிமிடத்துக்குள் என் கைபேசி அடித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு உங்கள் பெயர்.

“போச்சு, சலூவா! கட்டடத்துக்கே கரண்ட்ட எடுத்துட்டாரு அந்தக் காவலாளி! மெயினையே இறக்கிட்டுப் போயிட்டாரு! ஃபோன் போட்டா, ‘ஸி லுத்ஃபி, சுத்தறிக்கைய நேத்து நீங்கதானே எனக்குப் படிச்சுக் காட்டுனீங்க’ங்கறாரு. சாவி அவர்கிட்ட. நான் இருட்டுல உட்கார்ந்திருக்கேன். உன் வேலையக் கெடுத்துட்டேன். உன்…”

நீங்கள் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது திரை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. நான், “இங்க எல்லாம் ஓடுது. அப்புறம் பேசறேன்” என்று சொல்லி வைத்தேன். அதற்கு மேல் விளக்க அங்கே நேரமில்லை. இப்போது விளக்குகிறேன். நேற்று மாலை ஸ்விட்சைக் கண்டிப்பு முறையிலிருந்து நீங்கள் கேட்ட தளர்வு முறைக்கு மாற்றிவிட்டேன். கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனி ஸ்விட்சாகப் பிரித்துவைத்த பிறகு, ஒன்றின் பட்டியலை மற்றது பார்க்க வழியில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மாற்றினேன். கன்ட்ரோலர் போனதும் ஸ்விட்ச் கொஞ்சம் காத்திருந்து பார்த்தது, பிறகு தானே கற்றுக்கொண்டது. உங்களை நம்பினேன். உங்கள் கட்டடத்தை நம்பவில்லை.

தலைவர் கேட்டார், “நடுவுல ஏன் நின்னுச்சு?”

“கன்ட்ரோலர் இறங்கிடுச்சு.”

“அது எங்க இருக்கு?”

“தலைநகர்ல.”

“இப்போ ஏறிடுச்சா?”

“இல்ல. ரெண்டு மணிக்கு மேல அங்க கரண்ட் இல்ல.”

“அப்ப இது எப்படிம்மா ஓடுது?”

“தானா ஓடுது.”

அவர் தன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “நாம இங்க இருக்கறத அங்க கொண்டுபோகலாமான்னு பார்க்க வந்தோம், இல்ல?” என்றார். “அங்க ரெண்டு மணிக்கு மேல கரண்ட்டே இல்லையாம்” என்றார் பக்கத்தில் இருந்தவர். கூடம் இங்கேயே இருக்கட்டும், அந்தக் கன்ட்ரோலரையும் இங்கே அனுப்பச் சொல்லுங்கள் என்று அங்கிருந்தே உங்கள் இயக்குநருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்ட காகிதம் அடுத்த வாரம் வரும் என்றார்கள். வரும்வரை முழுதாக நம்பமாட்டேன். ஆனால் ரவ்தா குலவையிட்டாள், நானும் தடுக்கவில்லை.

ஆகவே கணினியை நன்றாகப் பொதிந்து ஹ்மீதாவின் வண்டியில் அனுப்பி வையுங்கள். ‘மூளை’ என்று மேலே எழுத வேண்டாம்.

பேருந்து நிலையம் வரை ஓடி வந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது.

சலூவா


ஜூலை 19, வெள்ளி

மேலே உள்ள கடிதத்தை நான் அனுப்பவில்லை. காலையில் உறையை எடுத்துக்கொண்டு லுவாஜ் நிலையத்துக்குப் போனேன். ஹ்மீதாவின் வண்டி அப்போதுதான் துனிஸிலிருந்து வந்து நின்றது. கடைசியாக லுத்ஃபி இறங்கினார். நசுங்கிய மல்லிகைச் செண்டு காதில் இருந்தது. வண்டிக்குள் அவர் பக்கத்து இருக்கையில் துண்டு சுற்றிய அவருடைய மேசைக் கணினி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது; இயக்குநரின் உத்தரவு நேற்றே அவருக்குக் கிடைத்திருந்தது.

“பொட்டியும் ஒரு ஆளுன்னு கணக்கு வெச்சுத்தான் எட்டு பேர்னு கிளம்புனேன்” என்றார் ஹ்மீதா. “வழியெல்லாம் அது ஒண்ணுதான் வாயத் தொறக்கல.”

“அந்த உறை எனக்கா? குடு” என்றார் லுத்ஃபி. கொடுத்தேன். அங்கேயே, வெயிலில் நின்றபடி, இரண்டு பக்கத்தையும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் நடுவில் பேசாமல் நான் சொன்னதை முழுதாகக் கேட்டது அநேகமாக அதுதான் முதல் முறை.

கணினியைக் கூடத்தில் வைத்தோம். ரவ்தா முகவரிகளைச் சரிபார்த்தாள். மதியம் மூன்று பேரும் பார்லி ரொட்டியும் சூடை மீனும் சாப்பிட்டோம். லுத்ஃபி ஹம்மாமெத் படத்தைக் காகிதத்தில் மறுபடி வரைந்து, இரண்டு வட்டங்களையும் காலியாக விட்டு என்னிடம் நீட்டினார். பிறகு எழுதுகிறேன் என்றேன்.

இரண்டு மணிக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், சட்டையைச் சரிசெய்துகொண்டார், பேச்சை நிறுத்தாமலே மேசைக்குக் கீழே குனிந்து பிளக் பலகையை நோக்கிக் கையை நீட்டினார்.

“லுத்ஃபி,” என்றேன், “கையை எடு.”